காலையில் ரெண்டாவது கியர் விழ அடம்பிடிக்கிறது: ஜிஎல்-4 தேடுவதா, ஜிஎல்-5 போதுமா?

முன்சீட்:
வணக்கம். என்னிடம் இருப்பது 1998 மாடல் கார். ஐந்து கியர், முன்சக்கரம் இழுக்கும் வண்டி. அப்பா பல வருடம் ஓட்டிவிட்டு என்னிடம் கொடுத்தார். எஞ்சின் ஆயில் மாற்றிய கணக்கெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கியர் பாக்ஸ் ஆயில் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

பிரச்சினை இதுதான். காலையில் முதல் தடவை எடுக்கும்போது ஒன்றிலிருந்து ரெண்டுக்குப் போக லீவர் மறுக்கிறது. அழுத்தித் தள்ளினால் ‘கர்ர்’ என்கிறது. கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறிவிட்டால் சரியாகிவிடுகிறது. மற்ற கியர்கள் ஒழுங்காகவே விழுகின்றன.

கையேட்டில் கியர் ஆயிலுக்கு ‘75டபிள்யூ-90, ஏபிஐ ஜிஎல்-4’ (முதலாவது கெட்டித்தன்மை, அடுத்தது ஆயில் வகை) என்று போட்டிருக்கிறது. கடையில் கிடைப்பதெல்லாம் ஜிஎல்-5. ‘நாலை விட அஞ்சு உசத்திதானே, தாராளமா ஊத்தலாம்’ என்கிறார் கடைக்காரர். மெக்கானிக்கோ, இன்னும் கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? ஆயிலை நானே மாற்ற முடியுமா?

பித்தளை வளையம்:
தம்பி, ரெண்டு யோசனையும் வேண்டாம். கையேட்டில் இருப்பதையே தேடிப் பிடியுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

கியர் மாறும்போது வேகம் வேறுபட்ட இரண்டு பாகங்களைச் சமமாக்குவது சிங்க்ரோ வளையம். உங்கள் காலத்து வண்டிகளில் அது பெரும்பாலும் பித்தளை. கியரோடு சேர்ந்த எஃகுக் கூம்பின் மேல் இந்த வளையம் அழுந்திப் பிடிக்க வேண்டும். பிடிக்க வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் ஆயில் சட்டென்று விலக வேண்டும். அதற்காகத்தான் வளையத்தின் உள்பக்கம் மயிரிழை போலக் கோடுகள் வெட்டியிருப்பார்கள். காலைக் குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தால் அந்தக் கோடுகள் வழியாக ஓடத் தாமதிக்கும், வளையம் வழுக்கும், நீங்கள் தள்ளத் தள்ளக் கரகரக்கும். ரெண்டாவது கியரில்தான் இது முதலில் தெரியும். ஒன்றிலிருந்து ரெண்டுக்கு மாற்றும்போது வேக வித்தியாசம் அதிகம், ஊருக்குள் அதிகமாக மாற்றுவதும் அதைத்தான். ஆக, இன்னும் கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் கொஞ்சம் அமுங்கலாம். உங்கள் காலைத் தொல்லை கூடத்தான் செய்யும்.

இப்போது நாலா அஞ்சா என்ற விஷயம். அந்த எண் தரவரிசை இல்லை, வேலைப் பிரிவு. பின்சக்கர டிஃபரன்ஷியலில் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருக்கும் ஹைபாய்டு எனும் சாய்ந்த பல்சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று கடுமையாக வழுக்கி உரசும். அந்த அழுத்தத்தில் எஃகு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் வேண்டும். ஜிஎல்-5இல் அது ஏறக்குறைய ஜிஎல்-4ஐப் போல இரண்டு மடங்கு. வினைபுரியும் கந்தகம் சூட்டில் பித்தளையைக் கறுக்க வைத்து அரிக்கும். அதோடு, உரசல் தேவைப்படும் இடத்தில் அதிக வழுவழுப்பு சிங்க்ரோவுக்கு எதிரி. பித்தளைக்குக் கெடுதல் இல்லாத ஜிஎல்-5உம் இப்போது இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டப்பாவை மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. தயாரிப்பாளரின் தகவல் தாளில் செப்புப் பட்டைச் சோதனை, ஏஎஸ்டிஎம் டி130, என்று ஒரு வரி இருக்கும்; ஆயில் செம்பை எவ்வளவு கறுக்க வைக்கிறது என்பதன் அளவு அது. 1ஏ, 1பி என்றிருந்தால் நல்லது. 3, 4 என்றால் தொடாதீர்கள்.

‘ஜிஎல்-4/ஜிஎல்-5’ என்று இரண்டையும் சேர்த்து அச்சிட்ட டப்பாவிலும் கவனம் தேவை. ஜிஎல்-5க்குத் தேறியது என்றால் அந்த அளவு சேர்மானம் உள்ளே இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

75டபிள்யூவுக்குப் பதில் 80டபிள்யூ-90 கிடைத்தால்? சூட்டில் இரண்டும் ஒரே 90தான். வித்தியாசம் குளிரில். எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) கணக்குப்படி 75டபிள்யூ மைனஸ் 40 டிகிரி வரை ஓடும் தன்மையோடு இருக்க வேண்டும், 80டபிள்யூவுக்கு மைனஸ் 26 போதும். உங்கள் புகாரே காலை நேரத்தைப் பற்றியது என்பதால் 75டபிள்யூவை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மூணாங்கியர்:
அண்ணன் சொன்னது சரி. ஆயில் வாங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். எஞ்சின் ஓடட்டும், வண்டி நிற்கட்டும். கிளட்சை முழுக்க அமுக்கி, நியூட்ரலில் நாலைந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பல வண்டிகளில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. அவ்வளவு பொறுத்தும் கரகரத்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று பொருள். அப்படியானால் எந்த ஆயிலும் உதவாது, முதலில் கிளட்ச் கேபிளைப் பாருங்கள்.

முன்சீட்:
பார்த்தேன். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. ஜிஎல்-4 சொல்லி வைத்திருக்கிறேன், வந்துவிடும். மாற்றும் முறையையும் சொல்லுங்கள் அண்ணா.

பித்தளை வளையம்:
முதலில் திறக்க வேண்டியது மேலே இருக்கும் ஃபில்லர் போல்ட், அதாவது ஆயில் ஊற்றும் துளையின் மூடி. கீழே ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைத் திறந்து எல்லாவற்றையும் வடித்த பிறகு ஃபில்லர் துருப்பிடித்து அசையவில்லை என்றால், ஆயில் இல்லாத வண்டியோடு மாட்டிக்கொள்வீர்கள். அது கழன்ற பிறகுதான் மற்ற வேலை.

கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வடியுங்கள், கசடும் சேர்ந்து வரும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

ட்ரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் நன்றாகப் பாருங்கள். வழவழவென்று சாம்பல் நிறப் பசை இருப்பது வழக்கமான தேய்மானம், துடைத்துவிடுங்கள். விரலில் உரசினால் குத்தும் துண்டோ, பல்லின் சில்லோ இருந்தால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன்னிறமாக மினுங்கினால் அது சிங்க்ரோ வளையத்தின் பொடி.

புது ஆயிலைக் குழாய் போட்ட பம்பு வழியாக மெதுவாக விடுங்கள். இந்த அமைப்பில் ஃபில்லர் துளையின் விளிம்புதான் பெரும்பாலும் அளவு. வழிய ஆரம்பித்ததும் நிறுத்த வேண்டும். ஆனால் வண்டி நாலு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் தூக்கி வைத்து அளந்தால் அளவு தப்பு. கையேட்டில் லிட்டர் கணக்கு இருந்தால் ஊற்றியதோடு ஒப்பிடுங்கள். போல்ட்டுகளைக் கையேட்டு அளவுக்கே முறுக்குங்கள். உறை அலுமினியம், மரை போய்விட்டால் பெரிய வேலை.

ஆயில் டப்பா:
இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. எல்லாப் பழைய வண்டிக்கும் ஜிஎல்-4 என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய ஹோண்டாக்கள் சிலவற்றில் கியர் பாக்ஸுக்கு எஞ்சின் ஆயிலே போதும் என்று எழுதியிருக்கும். சில வண்டிகளுக்கு ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில். சுபாரு மாதிரி முன் டிஃபரன்ஷியலின் ஹைபாய்டும் கியர் பாக்ஸும் ஒரே ஆயிலில் ஓடும் வண்டிகளுக்கு ஜிஎல்-5 கேட்பதும் உண்டு. அவரவர் கையேடு அவரவருக்கு.

முன்சீட்:
மாற்றிவிட்டேன். காந்தத்தில் பசை மட்டும்தான், துண்டு எதுவும் இல்லை. ஆயில் கறுத்து, மூக்கைப் பிடிக்கும் கந்தக வாடை. சாய்த்துப் பார்த்தபோது லேசாகப் பொன்னிற மினுக்கம் இருந்தது. இப்போது காலையில் கரகரப்பு இல்லை. ஆனாலும் முதல் இரண்டு மூன்று தடவை லீவர் ஒரு கணம் தயங்கித்தான் உள்ளே போகிறது.

பித்தளை வளையம்:
அந்தத் தயக்கம் ஏற்கெனவே தேய்ந்த வளையத்தினுடையது, ஆயிலால் திரும்பி வராது. காலையில் அவசரப்படுத்தாமல், லீவரை மெதுவாக அழுத்தி வளையம் பிடிக்கும்வரை விட்டால் இன்னும் நெடுநாள் ஓடும்.

ஒரு வேலை பாக்கி. ட்ரெயின் போல்ட்டையும் இரண்டு ஆக்சில் சீல்களையும் (சக்கர அச்சு வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையங்கள்) துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டியபின் பாருங்கள். போல்ட் பக்கம் ஈரம் என்றால் பழைய வாஷர் உறையிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதியது உட்கார்ந்திருக்கலாம். சீல் பக்கம் ஈரம் என்றால் உடனே சீலை மாற்றாதீர்கள். மேலே இருக்கும் காற்றுத் துளை மண் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடைத்திருந்தால் சூட்டில் உள்ளழுத்தம் ஏறி நல்ல சீலும் கசியும்.