ஆர்வோ பேர்ட்டின் 'மாக்னிஃபிக்காட்': சிறிய குழு பாட இயலுமா?

கேள்வி (ஏற்காடு):
எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் 14 பேர் இருக்கிறோம். பாதிப் பேர் காப்பித் தோட்டத்தில் வேலை செய்வதால் மாலை ஆறரைக்கு மேல்தான் பயிற்சி. எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் 1989இல், வாத்தியத் துணையின்றிப் பாடுவதற்காக எழுதிய 'மாக்னிஃபிக்காட்' என்னும் மரியாவின் பாடலை இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாட விரும்புகிறோம். இசைத்தாளில் எளிதாகத் தெரிகிறது. பாடினால் நான்காம் வரிக்குள் சுருதி இறங்கிவிடுகிறது. எங்கே தவறுகிறோம்?

பதில் (அஸ்தம்பட்டி):
அந்த எளிமைக்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. 1935இல் பிறந்த பேர்ட், வானொலியில் ஒலிப்பதிவாளராக இருந்துகொண்டே பன்னிரண்டு சுரங்களையும் சமமாக வரிசைப்படுத்தும் பன்னிரு சுர முறையில் எழுதியவர். கிறிஸ்துவின் மீதான நம்பிக்கையை வெளிப்படையாக அறிக்கையிட்ட 'கிரேடோ' (1968) சோவியத் அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளானது. அதன்பின் அவர் பெரும்பாலும் எழுதாமல், கிரிகோரியன் பாடல்கள் எனும் பழைய ஒற்றைமெட்டுத் திருச்சபைப் பாடல்களையும் பழைய பல்குரல் இசையையும் கற்றார். 1976இல் வெளிவந்த 'ஃபூர் அலினா' என்னும் சிறு பியானோ படைப்பில்தான், மணியோசையைக் குறிக்கும் 'டின்டினாபுலி' என்ற முறை பிறந்தது. அதில் ஒரு குரல் அடுத்தடுத்த சுரங்களில் படிப்படியாக நகரும். மற்றொன்று மூல முச்சுரத்தை விட்டு விலகாது. உங்கள் பாடல் எஃப் மைனர் என்னும் மேற்கத்திய சுர அமைப்பில் இருப்பதால், எஃப்பை ஷட்ஜமாகக் கொண்டால் அந்த முச்சுரம் ச, க, ப. தொடக்கத்தில் தனிக்குரல் விடாமல் பிடித்து நிற்பது பஞ்சமம். அதுதான் உங்கள் தம்புரா. அது அசைந்தால் எல்லாம் அசையும்.

பதில் (சூரமங்கலம்):
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இவருடைய மெட்டின் நீளத்தைச் சொல்லின் அசைகளே தீர்மானிக்கின்றன என்பதால், முதல் வாரம் பாடாமல் இலத்தீன் வரிகளை ஒன்றாக வாசித்துப் பாருங்கள். சுருதிப் பெட்டியில் ச, ப இரண்டையும் வைத்துப் பயிற்சி செய்து, பிறகு பாதியில் பெட்டியை மட்டும் நிறுத்திவிட்டு வரி முடிவில் மீண்டும் திறந்து ஒப்பிடுங்கள். வரிகளுக்கிடையே உள்ள மௌனத்தில் மூச்சை அவசரமாக இழுத்தால் அடுத்த சுரம் கீழேதான் விழும்.

கேள்வியாளர்:
நேற்று அப்படியே செய்தோம். பஞ்சமத்தைப் பிடித்து நின்ற பெண்ணைச் சுவரோரத்திலிருந்து நடுவில் நிறுத்தி, மற்றவர்கள் அவரைச் சுற்றி நின்றோம். ஐந்தாம் வரியின் முடிவில் பெட்டியைத் திறந்தபோது சுருதி சேர்ந்தே இருந்தது. ஆறாம் வரியை இன்னும் தொடவில்லை.