ராயபுரம் நான்காவது முனையம் ஆக வேண்டுமா?

கல்மண்டபத்தான்:
சென்ட்ரல், எழும்பூர், தாம்பரம் ஆகியவற்றுக்கு அடுத்து வெளியூர் வண்டிகள் புறப்பட்டு முடியும் சென்னையின் நான்காவது ரயில் முனையம் பற்றிப் பேசும் பலரும் பெரம்பூரைக் கைகாட்டிவிட்டு ராயபுரத்தைக் கடந்து போகிறார்கள். 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த நிலையம் இது. ஜூலை 1 முதல் இங்கிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய வண்டிதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். பம்பாய்–தாணே பாதையும் (1853) ஹவுரா–ஹூக்ளி பாதையும் (1854) இதற்கு மூத்தவை என்றாலும், அவற்றின் தொடக்க நிலையக் கட்டிடங்கள் இன்று இல்லாததால், நாட்டில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டிடம் ராயபுரத்தில்தான் இருக்கிறது. 1873-இல் சென்ட்ரலும் 1908-இல் எழும்பூர்க் கட்டிடமும் வந்தன. 1922-இல் இங்கிருந்த ரயில்வே தலைமையகமும் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் எழுந்த புதிய கட்டிடத்துக்குப் போயிற்று. வடசென்னை தன்னிடம் இருந்ததை ஒவ்வொன்றாக இழந்தது. அதில் ஒரு பங்கையாவது திருப்பிக் கேட்பது எப்படித் தவறாகும்?

பெரம்பூர்வாசி:
ஐயா, அந்தக் கட்டிடத்தின் பெருமையை நானும் மதிக்கிறேன். ஆனால் முனையம் என்பது முகப்புத் தூண்களால் ஆவதில்லை. எல்.எச்.பி. எனப்படும் புதிய வகை நீளப் பெட்டிகள் 22 கொண்ட வண்டி இன்ஜினோடு சேர்த்து சுமார் 540 மீட்டர் வரும். அதைத் தாங்கும் நடைமேடைகள் பல வேண்டும், பெட்டிகளின் அடிப்பாகத்தைச் சோதிக்கும் பிட் லைன்கள் வேண்டும், வெறும் வண்டிகளை நிறுத்திவைக்கத் தனிப் பாதைகள் வேண்டும். இவற்றையெல்லாம் துறைமுகச் சரக்குப் பாதைகளுக்கும் புறநகர் ரயில் பாதைக்கும் நடுவே அமைக்கப் போனால், முதலில் அடிபடுவது அந்தப் பழைய கட்டிடத்தின் சுற்றுப்புறமே. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் சாலைகளில், இரவு வண்டியைப் பிடிக்கக் குழந்தையும் பெட்டியுமாக வரும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பெரம்பூரிலோ இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கான வேலை நடக்கிறது.

கல்மண்டபத்தான்:
சாலை நெரிசல் உண்மைதான். அதற்காக ஊரையே ஒதுக்கிவிட முடியாது. நீங்கள் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். ராயபுரத்திலிருந்து ஒரு பக்கம் வண்ணாரப்பேட்டை வழியாக அரக்கோணம், கூடூர் பாதைகளுக்கும், மறுபக்கம் கடற்கரை, எழும்பூர் வழியாகத் தென் மாவட்டங்களுக்கும் வண்டியை விடலாம். சென்ட்ரலுக்கு இந்த வசதி இல்லை. உள்ளே வந்த வண்டி வந்த வழியேதான் திரும்பியாக வேண்டும். கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைக்காக 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் இல்லாமல் மக்கள் பட்ட சிரமத்துக்குப் பலனாக, வடக்கையும் தெற்கையும் இணைக்கும் வண்டிகள் கூடுதலாக ஓட வேண்டாமா?

தண்டையார்பேட்டை மாணவி:
இருவரும் வெளியூர் வண்டிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த நிலையத்தை நாள்தோறும் பயன்படுத்துவோர் புறநகர் ரயில் பயணிகள். 2005-இல் பழைய கட்டிடத்தைப் புதுப்பித்தபோது கிடைத்த கவனம், அவர்களின் நடைமேடைக்கும் கழிப்பறைக்கும் இரவு வெளிச்சத்துக்கும் கிடைக்க வேண்டும். முனையம் வரும்வரை இவை காத்திருக்கத் தேவையில்லை.

பெரம்பூர்வாசி:
தங்கையின் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். கல்மண்டபத்தார் சொன்ன இருபக்க இணைப்பும் வலுவான வாதம். ஆனால் அது வண்டிகள் ராயபுரத்தைக் கடந்து போவதற்கான காரணம், அங்கேயே புறப்பட்டு முடிவதற்கான காரணம் அல்ல. தெற்கிலிருந்து வடக்கே போகும் சில விரைவு வண்டிகள் ராயபுரத்தில் இரண்டு நிமிடம் நின்றால், பிட் லைனுக்காக ஓர் அடி நிலமும் எடுக்க வேண்டியதில்லை.

கல்மண்டபத்தான்:
இரண்டு நிமிட நிறுத்தத்தை வரவேற்கிறேன். அதற்கான மனுவில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். முனையக் கோரிக்கையை மட்டும் கைவிட மாட்டேன். காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் மதுரைக்குப் போகிறவர்கள் எழும்பூருக்கோ தாம்பரத்துக்கோ அலையும் நிலையை அந்த நிறுத்தம் மாற்றாது.