கோஹாவுக்கு மாறியபோது தொலைந்த பூஜ்ஜியங்கள்

எங்கள் நூலகத்தில் கோஹா என்ற இலவச நூலக மேலாண்மை மென்பொருளை வைக்கலாம் என்று கோப்பு அனுப்பியபோது, பல்கலைக்கழக நிர்வாகத்திலிருந்து வந்த முதல் கேள்வி: "இலவசம் என்றால், பழுதானால் யாரைக் கேட்பது?" நியாயமான கேள்விதான். நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக 1999இல் எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய மென்பொருள் இது என்றேன். அசையவில்லை. பழைய மென்பொருளின் பராமரிப்புக் கட்டண ரசீதை எடுத்து வைத்த பிறகே கையெழுத்து விழுந்தது.

நிறுவ இரண்டு நாள். தரவு மாற்றத்துக்கு ஏழு மாதம். நூல் விவரங்களைக் கணினியில் பதியும் மார்க் (MARC) வடிவத்தில் ஆசிரியருக்கு 100, தலைப்புக்கு 245 என்று தனித்தனிப் புலங்கள். எங்கள் பழைய கோப்பிலோ ஆசிரியர், பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர் மூவரும் ஒரே கட்டத்தில் குடியிருந்தார்கள்.

திறந்த அன்று வரிசையில் முதலில் ஒரு மாணவி. பார்கோடை ஸ்கேன் செய்தால், அப்படியொரு நூலே இல்லை என்கிறது திரை. நூல் என் கையில் இருக்கிறது! அடுத்ததும் அப்படியே. அட்டையில் 004512, கணினியில் 4512. சரிபார்ப்பதற்காக யாரோ எக்செல்லில் திறந்து சேமித்ததில், முன்னிருந்த பூஜ்ஜியங்களை அது விழுங்கிவிட்டது. (யாரோ என்ன, நான்தான்.) ஒரு லட்சத்தைத் தாண்டிய எண்கள் தப்பிவிட்டன. நாங்கள் சோதனைக்கு எடுத்ததெல்லாம் அந்தப் புதுவரவுகளைத்தான். அன்று முழுவதும் நோட்டில் எழுதி நூல் கொடுத்தோம். மாலையில், எண்களை ஆறு இலக்கமாக நிரப்பும் ஒரே வரிக் கட்டளையில் சரியாயிற்று.

மறுமொழி, வேறொரு நூலகத்தின் பட்டியலாக்கப் பிரிவில் இருப்பவர்:
எங்களுக்குப் பூஜ்ஜியம் பிழைத்தது, தமிழ் பிழைக்கவில்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய தலைப்புகள் கோஹாவில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தன. எழுத்துரு மாற்றியில் மொத்தமாகப் போட்டோம். தமிழ் திரும்பியது, கூடவே ஆங்கில நூல்களின் தலைப்புகளும் பொருளற்ற தமிழாகிவிட்டன! மொழியைக் குறிக்கும் புலத்தைப் பாதி நூல்களுக்கு யாருமே நிரப்பியிருக்கவில்லை. அலமாரி அலமாரியாகப் போய்ப் பிரித்தோம்.

மறுமொழி, இன்னொரு நூலகத்தின் கணினிப் பிரிவில் இருப்பவர்:
"பழுதானால் யாரைக் கேட்பது?" என்ற அந்த நிர்வாகக் கேள்விக்கு எங்களிடம் இருந்த பதில், ஓர் ஒப்பந்த ஊழியர். அவர் விலகிய பிறகுதான் தெரிந்தது, இரவுதோறும் எடுத்த காப்புப் பிரதி அதே சர்வரின் அதே வட்டில் கிடந்தது என்று. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் வேறொரு கட்டடத்துக்கு நானே ஹார்டுடிஸ்கைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.