இலக்கிய நூல்கள் 180: மொத்தமாகக் கொடுப்பதா, பிரித்து விற்பதா?

அல்சூர் ஏரிக்கரை
வணக்கம். பெங்களூரு அல்சூரில் 180 தமிழ்ப் புத்தகங்கள் விற்பனைக்கு இருக்கின்றன. விமர்சனக் கட்டுரைகள், எழுத்தாளர்களின் கடிதங்கள், நேர்காணல்கள், பதிப்புத் துறை பற்றியவை என எல்லாமே இலக்கியத்தைச் சுற்றியவைதான். கூடவே 1960-களில் வந்த 'எழுத்து' என்ற இலக்கியச் சிற்றிதழின் இதழ்கள், சில உதிரியாக, சில பைண்டு செய்ததாக. எடைக்கு எடுத்துக்கொள்வதாக ஒரு கடைக்காரர் கேட்கிறார். விலை எப்படி வைப்பது? வெளியூருக்கு எதில் அனுப்பலாம்?

முதற்பதிப்பு
எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள் சார். முதலில் பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்த்து, இன்றும் அச்சில் இருப்பவை, இல்லாதவை என்று இரண்டாகப் பிரியுங்கள். அச்சில் இருப்பதற்கு இப்போதைய விலையில் பாதிக்கு மேல் கேட்டால் நகராது. புத்தகக் காட்சியில் புதுப் பிரதியே 10% தள்ளுபடியில் கிடைக்கிறதே. மறுபதிப்பு காணாத விமர்சன நூல்களுக்கும் கடிதத் தொகுப்புகளுக்கும்தான் தேடி வருகிற ஆள் உண்டு.

ஆண்டு இல்லாத நூலுக்கு விலையைப் பாருங்கள். 'ரூ. 2-8-0' என்று அணாவில் போட்டிருந்தால் அநேகமாக 1957-க்கு முந்தையது. 'ந.பை.' (நயா பைசா) என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிறகு. அடுத்தது எழுத்து வடிவம். 'முதற்பதிப்பு 1962' என்று மட்டும் அச்சிட்டு, உள்ளே 'லை', 'னை' எல்லாம் பழைய துதிக்கைக் கொம்பு (யானைத் துதிக்கை போல வளைந்த ஐகாரக் குறி) இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். சீர்திருத்த எழுத்து அரசாணையாக வந்தது 1978-இல்தான். பழைய ஆண்டை அப்படியே விட்டு மறுஅச்சு போட்டிருப்பார்கள். பெரியார் இயக்க வெளியீடுகள் மட்டும் விதிவிலக்கு, அவை 1935 முதலே புது எழுத்தில் வந்தவை.

கட்டும் தையலும்
பைண்டு செய்த இதழ்களைத் தனியாகச் சோதியுங்கள். பைண்டர்கள் மேலட்டையைக் கிழித்துவிட்டு ஓரத்தையும் வெட்டிவிடுவது வழக்கம். அட்டையோடு சேர்த்துத் தைத்திருந்தால் மதிப்பே வேறு. எந்தெந்த மாத இதழ் இருக்கிறது, எது இல்லை என்று எழுதிவிடுங்கள். ஓராண்டுத் தொகுதியை உடைத்து உதிரியாக விற்காதீர்கள், மிச்சத்தை யாரும் தொடமாட்டார்கள்.

படம் நான்கு போதும்: அட்டை, முதுகு, பதிப்பு விவரப் பக்கம், மோசமான பக்கம் எதுவோ அது. வெள்ளிப்பூச்சி அரித்ததை மறைத்தால் புத்தகம் திரும்பி வரும். நூலக முத்திரை இருந்து, நூலகத்திலிருந்து நீக்கப்பட்டதற்கான குறிப்பு இல்லையென்றால் விற்கவே வேண்டாம்.

அனுப்புவதற்கு அஞ்சலகத்தின் ஞான் போஸ்ட் மலிவு. 2025 மே மாதம் தொடங்கியது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழி போகும், கண்காணிப்பு எண்ணும் உண்டு.

முதற்பதிப்பு
ஒரு திருத்தம். ஞான் போஸ்டில் பருவ இதழ்களை ஏற்க மாட்டார்கள். அச்சகம் அல்லது பதிப்பகத்தின் பெயர் அச்சிட்ட நூல்களுக்குத்தான் அந்தக் கட்டணம். 'எழுத்து' இதழ்களை ஸ்பீட் போஸ்டிலோ பார்சலிலோ அனுப்ப வேண்டும். அந்தச் செலவை விலை சொல்லும்போதே சேர்த்துச் சொல்லுங்கள்.

கட்டும் தையலும்
சரிதான், நன்றி. பேக்கிங்கில் ஒன்று: முதலில் பிளாஸ்டிக் உறை, அதன்மேல் புத்தகத்தைவிட அரை அங்குலம் பெரிய அட்டை இரண்டு பக்கமும். முனை மடங்குவதுதான் அதிகம் நடப்பது, அட்டை நீட்டிக்கொண்டிருந்தால் அடி அதில் விழும். ரப்பர் பேண்டு போடாதீர்கள், பழைய தாளை அறுத்துவிடும்.

சிவாஜி நகர் வாசகர்
உள்ளூரில்: சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகள் பெரும்பாலும் ஆங்கில நூல்களை நம்பி நடப்பவை, தமிழுக்கு அங்கே நல்ல விலை எதிர்பார்க்க வேண்டாம். முழுப் பட்டியலையும் முகநூல் தமிழ் வாசகர் குழுக்களில் போடுங்கள். விற்காமல் நிற்பதை உங்கள் பக்கத்திலேயே இருக்கிற தமிழ்ச் சங்க நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். அரிய இதழ்களை மட்டும் கொடுத்துவிடுவதற்கு முன், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் பட்டியல் அனுப்பி ஒரு வார்த்தை கேளுங்கள் சார்.