பாதிச் சம்பளத்துக்கு மாறிப் படிப்படியாக ஓய்வுபெறலாமா?

கேள்வி:
கோவையில் பம்ப் தயாரிக்கும் தனியார் நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். வயது 57, ஓய்வு வயதான 58-இல் 26 ஆண்டுப் பணி நிறைவடையும். நாள் முழுவதும் பட்டறையில் நிற்க முழங்கால் இடம் கொடுக்காததால், இப்போதிருந்தே வாரம் மூன்று நாட்கள், பாதிச் சம்பளம் என்று மாறி 60 வரை தொடரலாம் என்கிறது நிர்வாகம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 52,000 ரூபாய். கடன் ஏதுமில்லை. ஒப்புக்கொள்ளும் முன் எவற்றைக் கணக்கிட வேண்டும்?

பதில் 1:
முதலில் பணிக்கொடையை (கிராஜுவிட்டி) பாருங்கள், ஐயா. கடைசியாக வாங்கிய சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்கி அது கணக்கிடப்படுவதால், 58-இல் 7,80,000 ரூபாய் பெறவேண்டிய தாங்கள், அதே பணியில் பாதிச் சம்பளத்துக்கு இறங்கினால், 60 வரை இருந்து 28 ஆண்டுகளை முடித்தாலும் 4,20,000 ரூபாய்தான் பெறுவீர்கள். முழுச் சம்பளத்தில் உழைத்த காலம் முழுவதும் பாதி விலைக்குப் போய்விடும். எனவே 58 வரை முழுநேர ஊழியராக இருந்து, கணக்கை முடித்துப் பணிக்கொடையைப் பெற்றபின், அதே மூன்று நாட்களுக்கு ஆலோசகராக ஒப்பந்தம் கேளுங்கள். அதுவரை, சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பை வாரம் ஒரு நாளாக எடுக்க அனுமதிப்பார்களா என்று பாருங்கள். விடுப்புக்கு ஈடாகக் கிடைக்கும் பணம் குறையும் என்றாலும் அந்த இழப்பு சிறியதே.

பதில் 2:
இதை ஏற்கிறேன். ஆனால் ஊழியர் என்ற நிலை முடிந்தால் நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடும் பொதுவாக முடிந்துவிடும். தனிப் பாலிசியில், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம் என்பதால், தங்களுக்கும் துணைவியாருக்கும் இப்போதே எடுத்துவிடுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 60 வயது தேவை என்றாலும், 55 நிறைந்து ஓய்வுபெற்றவர்கள், ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் அதில் சேரலாம். உச்சவரம்பு 30 லட்சம், 8.2 சதவீத வட்டியில் அதற்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வரும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) வழியாக வரும் ஊழியர் ஓய்வூதியத்தை 60 வரை தள்ளிவைத்தால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும் என்கிறார்களே, தள்ளிவைக்கலாமா?

பதில் 1:
கூடுவது உண்மை. ஆயினும் 24 மாத ஓய்வூதியத்தை விட்டுக்கொடுத்து, மாத ஓய்வூதியத்தில் 8 சதவீதம் கூடுதலாகப் பெற்று அதை ஈடுகட்ட ஏறத்தாழ 25 ஆண்டுகள், அதாவது 85 வயது ஆகிவிடும். விலைவாசிக்கேற்பப் பஞ்சப்படி உயர்வும் இந்த ஓய்வூதியத்தில் கிடையாது. 58 நிறைந்ததும் ஓய்வூதியம் கோரும் படிவம் 10டி-ஐக் கொடுத்துவிடுங்கள். ஒப்பந்த வருமானம் அதற்குத் தடையல்ல.