ஜிடி86: விஎஸ்சி (வண்டி வழுக்கித் திரும்பாமல் தடுக்கும் அமைப்பு) முந்திக்கொண்டு பிரேக் பிடிக்கிறது. ஃபியூஸைக் கழற்றலாமா?

பின்சக்கரம்86:
2013 மாடல் டொயோட்டா ஜிடி86, மேனுவல் கியர். மலேசியாவின் செப்பாங் ரேஸ் டிராக்கில் டிராக் டேக்காக (சொந்த வண்டியை ஓட்டும் நாள்) வைத்திருக்கும் வண்டி. டயர் முன்னால் 215/45ஆர்17, பின்னால் 245/40ஆர்18. போன மாதம்தான் அலைன்மென்ட் ஆனது.

9, 15-ஆம் வளைவுகள் ஹேர்பின் (கூர் வளைவு), அந்த இரண்டிலும் வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் அடங்கிவிடுகிறது, ஒரு நொடி கழித்துத்தான் இழுக்கிறது. 5-லும் 12-லும் வேறு மாதிரி: கால் பிரேக்கில் இல்லாதபோதே ஒரு முன்சக்கரம் பிடிப்பது ஸ்டீயரிங்கில் தெரிகிறது. டிராக்‌ஷன் பட்டனை அழுத்தி அணைத்தாலும் நிற்பதில்லை, டிராக்கில் ஏறியதும் பழைய கதைதான். ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பது) ஃபியூஸைக் கழற்றினால் தொல்லை தீரும் என்கிறார்கள். செய்யலாமா?

டயர்மாமா:
ஃபியூஸில் கை வைக்காதீங்க. முதல்ல டயரைப் பாருங்க. 215/45ஆர்17 டயரோட விட்டம் 625 மி.மீ. 245/40ஆர்18 வந்து 653 மி.மீ. முன்னுக்கும் பின்னுக்கும் 4.5 சதவீத வித்தியாசம். கம்ப்யூட்டர் நாலு சக்கர வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் வழுக்குதா இல்லையான்னு முடிவு பண்ணுது. குழம்பாம என்ன செய்யும்? பின்னால அகலம் வேணும்னா 245/40ஆர்17 போடுங்க. அது 628 மி.மீ., வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் கம்மி.

கோணமானி:
மாமா சொன்ன கணக்கு சரி, திசை மட்டும் தப்பு. பின்டயர் பெரிசா இருந்தா அது மெதுவாச் சுற்றும். அப்போ பின்சக்கரம் நிஜமாவே வழுக்கினாலும் கம்ப்யூட்டருக்குக் குறைவாத்தான் தெரியும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பின்சக்கரம் வெறுமனே சுழலாம தடுப்பது) தாமதமா வரணுமே தவிர முந்தி வராது. கெடுவது பிரேக் பக்கம். பின்சக்கரம் லாக் ஆகப் போகுதுன்னு நினைச்சு அந்த அழுத்தத்தைச் சீக்கிரமே குறைக்கும். அதனால டயரை மாத்துங்க, ஆனா இந்தப் புகாருக்கு மருந்து அது இல்ல.

நீங்க சொன்ன வளைவுகளை வரிசையாப் பாருங்க: 5, 9, 12, 15. செப்பாங்கில் இந்த நாலும் இடது வளைவு. 6 வேகமான வலது வளைவு, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்ல. ஒரு பக்கம் மட்டும் தொல்லைன்னா ஸ்டீயரிங் கோண சென்சார், இல்லைன்னா யா சென்சார் (வண்டி எவ்வளவு வேகமாத் திரும்புதுன்னு அளக்கறது), ரெண்டில் ஒண்ணோட பூஜ்யம் நகர்ந்திருக்குன்னு சந்தேகப்படணும். அலைன்மென்ட்டில் டை ராடை (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோட இணைக்கற கம்பி) திருப்பி ஸ்டீயரிங்கை நேராக்கிட்டு, சென்சாரை மறுபடி பூஜ்யமாக்காம அனுப்பிடறது சகஜம்.

என்ன நடக்குதுன்னா, கம்ப்யூட்டருக்கு ஸ்டீயரிங் கோணம்தான் உங்க விருப்பம். அந்தக் கோணத்துக்கும் வேகத்துக்கும் வண்டி எவ்வளவு வேகமாத் திரும்பணும்னு ஒரு கணக்கு வச்சிருக்கு. சென்சார் அஞ்சு டிகிரி வலப்பக்கம் தவறாக் காட்டினா, இடது வளைவில் நீங்க குறைவாத் திருப்பினதா நினைக்கும். ஆனா வண்டி அதைவிட அதிகமாத் திரும்புது. வால் வீசுதுன்னு முடிவு கட்டி வெளிப்பக்க முன்சக்கரத்தை, அதாவது முன்வலதைப் பிடிக்கும். 5, 12 மாதிரி ஸ்டீயரிங்கைக் கொஞ்சமே திருப்புற வேக வளைவில் அஞ்சு டிகிரி பெரிய பங்கு. ஹேர்பின்னில் அது சின்னப் பங்குதான், அங்கே காரணம் வேற.

நீளஅழுத்து:
அந்த வேற காரணம் பட்டன். சும்மா ஒரு தட்டு தட்டினா டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும்தான் அணையும். அதுவும் 50 கி.மீ. வேகம் தாண்டினதும் தானா வந்துடும். சேற்றில் மாட்டின வண்டியை வெளியே எடுக்க வச்ச வசதி அது, டிராக்குக்கு இல்ல. பிட் லேன் முடிஞ்சு வேகம் எடுக்கறதுக்குள்ளேயே திரும்பி வந்திருக்கும்.

வண்டி நிற்கும்போது அதே பட்டனை 3 விநாடி அழுத்திப் பிடிச்சா டிராக்‌ஷன், விஎஸ்சி ரெண்டும் அணையும், வேகம் ஏறினாலும் வராது. ஏபிஎஸ் இருக்கும். வெறுமனே சுழலும் பின்சக்கரத்தைப் பிரேக்கால் பிடிக்கற வேலையும் மிச்சம் இருக்கும். இன்ஜினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணா எல்லாம் பழையபடி, அதனால ஒவ்வொரு செஷனுக்கும் அழுத்தணும். ஆனா முதல்ல விஎஸ்சி ஸ்போர்ட் பட்டனில் ரெண்டு செஷன் ஓட்டுங்க. வாலைக் கொஞ்சம் விட்டுக் கொடுத்துட்டு அப்புறம்தான் பிடிக்கும். செப்பாங்கில் மத்தியானம் மழை கொட்டினா அதுக்கு மேல அணைக்கறது வீண் வீரம்.

ஹேண்ட்பிரேக்கையும் பிரேக் பெடலையும் மாத்தி மாத்தி அழுத்தி மொத்தத்தையும் அணைக்கற 'பெடல் டான்ஸ்' ஒண்ணு உண்டு. சென்சார் கோளாறு தீராம அதைத் தேடிப் போகாதீங்க.

ஃபியூஸ் விஷயம்: ஏபிஎஸ், விஎஸ்சி, முன்பின் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடறது, மூணும் ஒரே யூனிட். ஃபியூஸ் போனா மூணும் போகும். மெயின் ஸ்ட்ரெய்ட் முடிஞ்சு 1-ஆம் வளைவுக்கு ஓங்கி பிரேக் அடிக்கும்போது பின்சக்கரம் முதல்ல லாக் ஆகும். அடுத்தது சரளைக்கல்தான்.

கோணமானி:
இன்னொன்று. அடங்கும்போது மீட்டரில் வழுக்கல் விளக்கு மினுக்குதா? மினுக்கலைன்னா அது விஎஸ்சி இல்ல. இந்த 2.0 லிட்டர் இன்ஜினுக்கு 3,500 முதல் 4,500 ஆர்பிஎம் வரை டார்க் (இழுவிசை) குறையற பள்ளம் உண்டு. ஹேர்பின்னை மூணாவது கியரில் எடுத்தா அதுக்குள்ளேதான் விழுவீங்க. ரெண்டில் எடுங்க.

பின்சக்கரம்86:
விளக்கு மினுக்குகிறது. ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில், சக்கரம் நேராக இருக்கும்போது ஸ்டீயரிங் கோணம் வலது 5.5 டிகிரி. நின்ற இடத்தில் யா பூஜ்யம்.

கோணமானி:
அப்போ யா சென்சார் நல்லா இருக்கு. வரிசை மாறாம செய்யுங்க. முதல்ல நாலும் சரியான டயர், காற்றழுத்தம் சமம். அப்புறம் அலைன்மென்ட்டை மறுபடி சோதிச்சு, ஸ்டீயரிங் நேரா இருக்கும்போது இடது, வலது டோ (முன்சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கற அளவு) சமமா இருக்கான்னு பாருங்க. கடைசியா மட்டமான தரையில், வண்டி அசையாம, சக்கரம் நேரா வச்சு டெக்ஸ்ட்ரீமில் (டொயோட்டாவோட கோளாறு கண்டறியற மென்பொருள்) பூஜ்யம் அமைக்கணும். அந்த நேரம் கதவை அடிச்சுச் சாத்தறது, வண்டியில் ஏறி இறங்கறது கூடாது. முடிச்சதும் நேர்ச் சாலையில் ஓட்டிப் பாருங்க, கோணம் ஒரு டிகிரிக்குள்ள நிற்கணும்.

முன்வலது பிரேக் பேடையும் கழற்றி இடதோடு ஒப்பிடுங்க. விஎஸ்சி இத்தனை நாள் பிடிச்ச பிடியில் அது மட்டும் அதிகமாத் தேய்ஞ்சிருக்கலாம். அப்படி இருந்தா ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்துங்க, பிரேக் ஆயிலும்.