சத்தத்தைக் கூட்டினால் ஆம்ப் நின்றுவிடுகிறது, அவசரம்

வண்டிக்காரன்:
அண்ணன்மார்களே, காரில் புதிதாக இரண்டு சப்வூஃபரும் (கனத்த ஒலிக்கான ஸ்பீக்கர்) அவற்றுக்கு ஒரு மோனோபிளாக் ஆம்பும் (ஒற்றைச் சேனல் ஆம்ப்ளிஃபயர்) போட்டிருக்கிறேன். மெதுவாக வைத்தால் பாடுகிறது. கூட்டினால் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. ஞாயிறு அன்று தங்கை திருமணத்துக்கு வெளியூர் கிளம்ப வேண்டும். என்ன செய்வது?

மின்மினி:
சப்வூஃபரின் மின்தடை எத்தனை ஓம்? உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் ஒற்றைக் காயிலா, இரட்டையா? ஆம்ப் எத்தனை ஓம் வரை தாங்கும்?

நான்கு சக்கரம்:
எனக்கு ஆம்பை வண்டியின் தகரத்தோடு சேர்க்கும் எர்த் வயர் மீதுதான் சந்தேகம். பெயிண்டின் மேலேயே முறுக்கியிருப்பார்கள். தகரம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டிவிட்டு முறுக்குங்கள்.

இசைப்பித்தன்:
மின்சாரத்தைச் சேமித்துக் கொடுக்கும் கெபாசிட்டர், ஒரு ஃபாரட் அளவில் போடுங்கள், தீர்ந்தது.

பழைய ரேடியோ:
கெபாசிட்டர் மின்சாரம் தயாரிக்காது, தம்பி. வண்டிக்காரரே, ஆம்புடன் ஒரு கையேடு கொடுத்திருப்பார்களே, அதில் வடை மடித்தீர்களா?

வண்டிக்காரன்:
இரண்டுமே இரட்டைக் காயில், ஒவ்வொரு காயிலும் 4 ஓம். ஆம்பில் 500 வாட், 2 ஓம் என்று போட்டிருக்கிறது. கடையில் எல்லா பிளஸ்ஸையும் ஒன்றாக, எல்லா மைனஸையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். எர்த் சீட் பெல்ட் போல்ட்டில் இருக்கிறது.

மின்மினி:
கோளாறு கடையில் சேர்த்த விதத்தில்தான். 4 ஓம் காயில் நான்கையும் இப்படிப் பேரலலில் சேர்த்தால் 1 ஓம். 2 ஓமுக்குக் கீழே போனால் மின்னோட்டம் எகிறும், ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். ஸ்பீக்கர் வயரை ஆம்பிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், ஒன்றுக்குச் சற்றுக் கீழே காட்டும். ஒவ்வொரு சப்பிலும் ஒரு காயிலின் மைனஸை மற்றதன் பிளஸ்ஸோடு சேருங்கள், 8 ஓம் ஆகும். பிறகு இரண்டு சப்பையும் பேரலலில் கொடுங்கள், 4 ஓம்.

நான்கு சக்கரம்:
4 ஓமில் ஏறக்குறைய பாதி வாட்தானே வரும்? 2 ஓமாகவே கட்டக்கூடாதா?

மின்மினி:
இந்த இரண்டையும் சமமாக ஓட்டினால் 1, 4, 16 மட்டுமே கிடைக்கும். 2 ஓம் வேண்டுமென்றால் ஒரு சப்பை எடுத்துவிட வேண்டும்.

பழைய ரேடியோ:
சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் என்கிறார், எல்லோரும் ஓம் கணக்குப் போடுகிறீர்கள்! விபத்தில் ஆளைப் பிடித்து நிறுத்தும் போல்ட் அது. வேறு இடம் பாருங்கள். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்கிறதா? வயர் வண்டியின் தகரத்தில் உரசினால் வண்டியே எரியும்.

இசைப்பித்தன்:
வயர் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்றும் கேளுங்கள். அலுமினியத்தைத் தொடவே கூடாது.

நான்கு சக்கரம்:
ஏன் கூடாது? ஒரு அளவு கூடுதல் தடிமனாகப் போட்டால் போதும். 500 வாட்டுக்கு 45 ஆம்பியர் சுற்றித்தான் இழுக்கும்.

இசைப்பித்தன்:
முனையில் பூத்துப்போகும், அப்போது தெரியும்.

வண்டிக்காரன்:
மீட்டர் 0.9 காட்டியது. சொன்னபடி மாற்றினேன், இப்போது நிற்பதில்லை. ஆனால் பாஸ், அந்தக் கனத்த ஒலியைக் காணவில்லை.

மின்மினி:
ஒரு சப்பில் பிளஸ், மைனஸ் தலைகீழாக இருக்கிறது. ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு, கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு சப்பின் வயரிலும் ஒரு கணம் தொடுங்கள். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கோன் (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு) வெளியே வர வேண்டும்.

வண்டிக்காரன்:
ஒன்று உள்ளே போனது. திருப்பிப் போட்டேன், கண்ணாடி அதிர்கிறது. கிளம்புகிறேன், நன்றி!

பழைய ரேடியோ:
எர்த்தை மாற்றினீர்களா? ஃபியூஸ்?

பழைய ரேடியோ:
ஐயா?

இசைப்பித்தன்:
அவர் போய்விட்டார். நான்கு சக்கரம், அந்த அலுமினியக் கதைக்கு வாருங்கள்.